கெட்ட செய்தி சீக்கிரம் வரட்டும்

தொழில் கடனில் ஒரு தவணை தவறினால் அன்று இரவே வங்கியின் கணினிக்குத் தெரிந்துவிடும். பங்குதாரருக்குத் தெரிய ஒரு மாதம் ஆகும். வீட்டுக்குப் பெரும்பாலும் கடைசியில்தான் தெரியும், ஏதாவது கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள நகையைத் தேடும்போது.

இந்தத் தாமதத்தைப் பற்றித்தான் இந்த அத்தியாயம். சறுக்கலைப் பார்க்கும் மனப்போக்கை மாற்ற வேண்டும் என்றதும் பலர் தன்னம்பிக்கை வாசகங்களைத் தேடிப் போகிறார்கள். காலையில் கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும்’ என்று சொல்லிக்கொள்வதில் கெடுதல் ஏதும் இல்லை. ஆனால் நான் பார்த்தவரை, நொடித்துப் போனவர்களிடமும் அந்த நம்பிக்கை நிறையவே இருந்தது. ‘அடுத்த மாசம் சரியாயிடும்’ என்று கடைசி நாள்வரை நம்பினார்கள். மீண்டு வந்தவர்கள் வேறொன்றைச் செய்தார்கள்: கெட்ட செய்தியைச் சீக்கிரம் வெளியே சொன்னார்கள்.

ஏன் சொல்ல முடிவதில்லை என்பது நமக்குத் தெரியாதது அல்ல. நம் ஊர்களில் நஷ்டம் கணக்குப் புத்தகத்தோடு நிற்பதில்லை, குடும்பத்தின் பேரில் போய் ஒட்டிக்கொள்கிறது. ‘மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டானாம்’ என்று யாரோ டீக்கடையில் சொன்னால், அது பெண் கேட்டுப் போகும் வீடுவரை போகும். அந்த அச்சத்தை அற்பமானது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காக நாம் கொடுக்கும் விலை என்ன என்பதையாவது கணக்குப் பார்க்க வேண்டும்.

90 நாள்

வங்கியிடமிருந்தே தொடங்குவோம். தவணைத் தேதி தாண்டியதுமே உங்கள் கணக்கு ‘எஸ்.எம்.ஏ-0’ என்ற கண்காணிப்புப் பட்டியலுக்குப் போகிறது. 30 நாள் தாண்டினால் எஸ்.எம்.ஏ-1. 60 தாண்டினால் எஸ்.எம்.ஏ-2. 90 நாளும் தாண்டிவிட்டால் வாராக்கடன். இந்த 90 நாளில் வழக்கமாக என்ன நடக்கிறது? முதல் மாதம், வங்கியிலிருந்து வரும் அழைப்பை எடுப்பதில்லை. இரண்டாம் மாதம், தெரிந்தவர் மூலமாக மீட்டர் வட்டிக்கு வாங்கி ஒரு தவணையைக் கட்டி, ‘கணக்கு கிளியர்’ என்று நிம்மதியாகத் தூங்கப் பார்ப்பது. மூன்றாம் மாதம், அந்த வட்டியைக் கட்ட நகை போகிறது. அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும், நஷ்டத்தை மறைக்க நினைப்பவர் போலீசுக்குப் போக மாட்டார் என்பது வட்டிக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் வந்த நஷ்டம் ஒரு தவணை. மறைத்ததால் வந்தது அதைப் போலப் பல மடங்கு.

முதல் 30 நாளில் மேலாளரைப் போய்ப் பார்த்தால் அவரால் உங்களுக்காக யோசிக்க முடியும். வாராக்கடன் ஆன பிறகு அவரே நினைத்தாலும் செய்யக்கூடியது கொஞ்சம். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களின் 25 கோடி ரூபாய் வரையிலான கடன்களைச் சீரமைக்க ரிசர்வ் வங்கி 2016-இல் ஒரு வழிமுறை வகுத்தது. அதில் பலர் கவனிக்காத ஒரு வசதி உண்டு. கணக்கு கெடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ‘எனக்கு நஷ்டம் வரும்போல் தெரிகிறது, தவணை தவறலாம்’ என்று கடன் வாங்கியவரே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். 10 லட்சம் ரூபாய் வரையிலான கடன் என்றால் கிளை மட்டத்திலேயே வழி பார்ப்பார்கள். அதற்கு மேல் என்றால் வங்கியின் குழுவுக்குப் போகும். கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் கேட்கும் நாளைப் பொறுத்துத்தான் பதிலும் இருக்கிறது.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். கடைசி ஆறு மாத ஜி.எஸ்.டி. தாக்கல், வர வேண்டிய பணத்தின் பட்டியல் (யாரிடமிருந்து, எவ்வளவு, எந்தத் தேதி பில்), ஒரு பக்கக் கடிதம். கடிதத்தில் மூன்று விஷயம் போதும்: என்ன நடந்தது, எத்தனை மாதம் கஷ்டம் இருக்கும், என்ன சலுகை கேட்கிறேன். குடும்பக் கஷ்டத்தையெல்லாம் எழுத வேண்டாம். நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வர வேண்டிய பணத்தைக் கேட்பதிலும் இதே கூச்சம்தான். ‘பெரிய கம்பெனி, கேட்டா அடுத்த ஆர்டர் போயிடும்’ என்று ஆறு மாதம் காத்திருப்பவர்கள் ஏராளம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கோ சேவை தருபவருக்கோ வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டியாக. இதற்கான அரசு இணையதளத்தில் முறையீட்டைப் பதிவு செய்யலாம். எடுத்த எடுப்பில் வழக்குக்குப் போகச் சொல்லவில்லை. 46-ஆவது நாள் மரியாதையாக ஒரு மின்னஞ்சல், சட்டப்பிரிவைக் குறிப்பிட்டு. பல இடங்களில் அதற்கே பணம் நகரும். குறு, சிறு தொழிலுக்கான உத்யம் பதிவை மட்டும் முன்னதாகவே செய்து வைத்துவிடுங்கள், சண்டை வந்த பிறகு ஓட வேண்டாம்.

ஓர் ஊரே கேட்க மறுத்த செய்தி

தனி மனிதர்கள் மட்டும் செய்யும் பிழை அல்ல இது. திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கிருந்த சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பின்னலாடைத் தொழிலில் சாயம் நின்றால் நிட்டிங்கும் நிற்கும், தையலும் நிற்கும். துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் ஏற்றி வாங்கினார்கள். செலவு ஏறியது, டெலிவரி தவறியது, தொழிலாளர்கள் சொந்த ஊருக்கு பஸ் ஏறினார்கள். அன்று ஊரில் கேட்ட பேச்சு, ‘திடீர்னு இப்படிப் பண்ணிட்டாங்களே’ என்பதுதான்.

திடீரென்று வந்ததா? பாசனத்துக்காக நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1990-களிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. கிணறு கெட்டது, தென்னை காய்ந்தது என்று நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் கதறினார்கள், நீதிமன்றம் போனார்கள். கழிவை வெளியே விடுவதை நிறுத்த 2006-இல் உயர் நீதிமன்றம் கெடு விதித்தது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. செய்தி வந்துகொண்டேதான் இருந்தது. கேட்டால் செலவு வரும் என்பதால் ஊர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிலத்தையும் கிணற்றையும் இழந்த அந்த விவசாயிகளுக்குச் செய்தது அநீதி. பட்டறைகள் மீண்டு எழுந்த கதையைச் சொல்லும்போது அதை விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது.

பிறகு நடந்தது இது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையின் கீழ், எதிர்ச் சவ்வூடு பரவல் கருவிகளும் ஆவியாக்கும் கருவிகளும் வந்தன. சாயத் தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சுத்தமாகித் திரும்பவும் பட்டறைக்கே போகிறது. கரைசலிலிருந்து உப்பையும் மீட்டு மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். இன்று வெளிநாட்டு வாடிக்கையாளர் சுற்றுச்சூழலைப் பற்றிக் கேட்டால் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் முதலில் காட்டுவது இதைத்தான். ஆனால் எல்லாரும் அந்தக் கரைக்கு வரவில்லை. கெடு விதித்த நாளிலேயே பணம் ஒதுக்கத் தொடங்கியிருந்தால் தப்பியிருக்கக்கூடிய சிறு பட்டறைகள் பல, நின்றது நின்றதாகவே போயின.

உங்கள் தொழிலில் இப்போது வந்துகொண்டிருக்கும், நீங்கள் கேட்காமல் தள்ளிவைக்கும் செய்தி எது? இந்த வரியைப் படிக்கும்போதே மனதில் ஒன்று வந்திருக்கும். ஓரமாகப் பென்சிலால் எழுதி வையுங்கள்.

யார் செய்தது என்பதற்கு முன்

செய்தி மேலே வராமல் போவதற்கு முதலாளியின் கோபமும் ஒரு காரணம். அதைச் சற்று நெருங்கிப் பார்க்க ஓர் உதாரணம்.

ஒரு பனியன் கம்பெனியில் அனுப்பிய டி-ஷர்ட்டுகள் அளவில் குட்டை என்று பையரிடமிருந்து டெபிட் நோட் வருகிறது. முதலாளி நேராகக் கட்டிங் மாஸ்டரிடம் போகிறார். சத்தம் போட்டால் மாஸ்டர் டெய்லரைக் காட்டுவார், டெய்லர் செக்கிங்கைக் காட்டுவார், மாலைக்குள் எல்லாரும் எல்லாரையும் காட்டி முடிந்திருக்கும். நஷ்டம் அப்படியே இருக்கும். வேறு மாதிரி கேட்டுப் பார்க்கலாம்.

“மாஸ்டர், தப்பு யார் மேலேன்னு கேக்கலீங்க. துணி எத்தனை மணிக்கு டேபிளுக்கு வந்துச்சு?”

“ராத்திரி எட்டரைக்குங்க. வண்டி வந்ததும் நேரா விரிச்சுட்டோமுங்க.”

“ஒரு நாள் தளர விடலையா?”

“நாளைக்குப் பீஸ் ஏத்தணும்னு சொன்னீங்களேங்க.”

பின்னல் துணி சுருட்டிலிருந்து பிரித்ததும் தளர்ந்து சுருங்கும். அதற்கு ஒரு நாளாவது நேரம் கொடுத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். கொடுக்கவில்லை. ஏன்? துணி இரண்டு நாள் தாமதம். ஏன் தாமதம்? சாயத்தில் ஷேடு மாறி லாட்டை மறுபடி போட்டார்கள். ஏன் மாறியது? லேப் டிப்பை, அதாவது சாய மாதிரித் துண்டை, ஆபீஸ் டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்து ஓகே செய்தார்கள், நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில் பார்க்கவில்லை. ஏன்? லைட் பாக்ஸில் ஒரு பல்பு எரிந்துபோய் மாதக்கணக்காகிறது. மாற்றச் சொல்லி மெர்ச்சன்டைசர் எழுதிக் கொடுத்த சீட்டு முதலாளியின் மேசையிலேயே கிடக்கிறது.

டொயோட்டா தொழிற்சாலைகளில் பழக்கமான ‘ஐந்து ஏன்’ முறை இது. அங்கே சாதாரணத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையை நிறுத்தலாம். குறையைக் காட்டுபவருக்குத் தண்டனை இல்லை என்றால்தான் கயிறு இழுபடும். உங்கள் கடையில், பட்டறையில், அலுவலகத்தில் கடைசியாகக் கெட்ட செய்தி கொண்டுவந்தவருக்கு என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். அவர் திட்டு வாங்கியிருந்தால் அடுத்த செய்தி உங்களுக்கு வராது, பையரிடமிருந்துதான் வரும். செய்தி வந்ததும் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையைப் பழக்கிக்கொள்ளுங்கள். ‘சொன்னது நல்லதாப் போச்சு, உட்காருங்க’ என்பதே போதும்.

இதற்கென்று ஒரு நோட்டு போடச் சொல்வேன். சாதாரண நீள நோட்டு. ஒவ்வொரு சறுக்கலுக்கும் ஒரு பக்கம்: தேதி, என்ன நடந்தது, எவ்வளவு ரூபாய், எப்போது தெரிந்தது, உண்மையில் எப்போதே தெரிந்திருக்க முடியும். கடைசி இரண்டுக்கும் நடுவே உள்ள நாட்கள்தான் நீங்கள் குறைக்க வேண்டியவை. ஆள் பெயர் எழுத வேண்டாம். ‘முருகன் தப்பாக வெட்டினான்’ என்று எழுதினால் அந்தப் பக்கத்தால் யாருக்கும் பயன் இல்லை. ‘துணி தளர விடாமல் வெட்டப்பட்டது’ என்று எழுதினால் அடுத்த லாட்டுக்கு ஒரு விதி கிடைக்கிறது.

எது எது கெட்டுப்போகும்?

2019 செப்டம்பர் 7 அதிகாலை சந்திரயான்-2-இன் விக்ரம் லேண்டர் நிலவில் மோதி உடைந்தது. அதன்பின் நடந்த ஆய்வைப் பிறகு இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் வெளிப்படையாக விளக்கினார். எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை கொடுத்தன, பிழைகள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்தன, அவற்றைத் திருத்திக்கொள்ள மென்பொருளுக்கு வரம்பு இருந்தது, இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் மட்டும். அடுத்த கலத்தை அவர்கள் வேறு கேள்வியோடு வடிவமைத்தார்கள்: எது எது கெட்டுப்போகலாம், கெட்டாலும் எப்படி இறங்குவது? இறங்கும் பரப்பு 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் ஆனது. கால்கள் வலுவாயின. எரிபொருள் கூடியது. வேகத்தை அளக்க லேசர் கருவி சேர்ந்தது. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கியது.

இதில் என்னை ஈர்ப்பது அந்த 4 கிலோமீட்டர். முதல் முறை குறி தவறியவர்கள் இன்னும் துல்லியமாகக் குறிபார்க்கிறோம் என்று சபதம் எடுக்கவில்லை, தவறினாலும் தாங்கும்படி இடத்தை விரித்தார்கள். சின்னத் தொழிலில் அந்த இடம் என்பது கையிருப்புப் பணமும் நாளும்தான். பத்து நாளில் முடியும் என்றால் பதினான்கு நாள் கேளுங்கள். ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருமானத்தில் பாதிக்கு மேல் வருகிறதென்றால், அவர் நன்றாக இருக்கும்போதே இரண்டாமவரைத் தேடுங்கள். புது ஆர்டர் எடுக்கும் அன்று மாஸ்டரையும் கணக்குப் பார்ப்பவரையும் உட்காரவைத்து, ‘இது கெட்டுப்போச்சுன்னு வெச்சுக்குவோம், எதனால கெட்டிருக்கும்?’ என்று கேளுங்கள். ‘நல்ல காரியம் பேசும்போது அபசகுனமா’ என்று முதல் முறை முகம் சுளிப்பார்கள். இரண்டாம் முறை பேச ஆரம்பிப்பார்கள்.

மாதச் சம்பளக்காரர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலையில் 2022 ஜூலையோடு உற்பத்தி நின்றது. அங்கே வேலை பார்த்தவரின் திறமைக்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் வேலை போனவர், ‘நான் எங்கே தவறினேன்’ என்று தன்னையே தோண்டுவார். நோட்டில் இவருக்கு ஒரு பக்கம் உண்டு: இதில் என் கையில் இல்லாதது எது, பாதி என் கையில் இருந்தது எது, முழுக்க என்னுடையது எது. முதல் பத்தியில் எழுதியதை அத்தோடு விட்டுவிட வேண்டும். பதவி உயர்வு கிடைக்காத சறுக்கலுக்கும் இதே பக்கம்தான், கூடவே ஒரு கேள்வி. ‘எனக்கு ஏன் சார் கொடுக்கலை?’ என்று கேட்டால் மேலதிகாரி சமாதானம் சொல்வார். ‘அடுத்த வருஷம் அந்த இடத்துக்கு வரணும்னா என்கிட்ட என்ன குறையுது சார்?’ என்று கேட்டால் தகவல் சொல்வார்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்கிறேன். தூக்கம் வாரக்கணக்கில் வராமல், சாப்பாடு இறங்காமல், ‘நான் இல்லாம போனா எல்லாருக்கும் நிம்மதி’ என்ற எண்ணம் தலைகாட்டினால், நோட்டும் கணக்கும் அப்புறம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள், இலவசம், தமிழில் பேசலாம். அன்றே ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். கடன் அடைபடும், சீரமைக்கப்படும், சில சமயம் தள்ளுபடியும் ஆகும். எந்தக் கடனும் உங்கள் உயிருக்கு ஈடில்லை.

எங்கே நிறுத்துவது

விழுந்தவர் எழுந்து ஓடியே ஆக வேண்டும் என்று புத்தகங்கள் எழுதுகின்றன. நான் அப்படி எழுத மாட்டேன். சில தொழில்களை நிறுத்துவதுதான் சரி, அதற்கான கோட்டை நல்ல நாளிலேயே போட்டு வைக்க வேண்டும். எத்தனை மாதம் கைக்காசு போட்டு நடத்துவேன், எவ்வளவு வரை கடன் ஏறலாம், எதை எந்த நிலையிலும் அடகு வைக்க மாட்டேன்: குடியிருக்கும் வீடு, பிள்ளைகளின் படிப்புப் பணம். இந்த மூன்றையும் எழுதி, வீட்டில் ஒருவரிடம் காட்டிக் கையெழுத்தும் வாங்குங்கள். கோட்டைத் தொட்ட அன்று நீங்கள் தெளிவாக யோசிக்கும் நிலையில் இருக்க மாட்டீர்கள். அப்போது அந்தத் தாளை எடுத்து நீட்டும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும்.

மூடுவதென்று முடிவானால் ஷட்டரை இழுத்துவிட்டு மறைந்துவிடாதீர்கள். தொழிலாளர் சம்பளப் பாக்கியை முதலில் கொடுங்கள். கடன் கொடுத்த ஒவ்வொருவரிடமும் நேரில் போய்த் தேதி சொல்லுங்கள். தள்ளிப்போனால் அதையும் நீங்களே போய்ச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்து, மூன்று மாதத்துக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-10 என்ற இறுதிப் படிவத்தைத் தாக்கல் செய்யுங்கள். இதை விட்டவர்களுக்கு வருடம் கழித்து அபராத நோட்டீஸ் வருகிறது. மின் இணைப்பு, கடை முன்பணம், பி.எஃப். கணக்கு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாக முடியுங்கள். பில் புத்தகங்களையும் கணக்குகளையும் எடைக்குப் போடாமல் எடுத்து வையுங்கள். மறுபடி கடன் கேட்டு வங்கிக்குப் போகும் நாளில் அவற்றைக் கேட்பார்கள்.